பின்வாசல் வழியே போகும் குப்பை: பல்கலைக்கழக வளாகங்களும் தூய்மைப் பணியின் சாதியும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் உள்ளது மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குடைவரைக் கோயில் இவ்வூரின் பெயரை வரலாற்று நூல்களில் நிலைநிறுத்தியிருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகளுக்கும் இக்கோயிலை அமைத்ததாக, விசித்திரசித்தன் என்ற தன் விருதுப்பெயரால் மன்னன் வடமொழியில் பொறித்துவைத்தான். எந்தெந்தப் பொருளைப் பயன்படுத்தவில்லை என்று கல்வெட்டு பட்டியலிடுகிறது. செய்வித்தவன் பெயரையும் சொல்கிறது. உளி பிடித்தவர் யார் என்பதைச் சொல்லவில்லை.

இன்று பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம் வாயில்களில் நிறுத்தும் ‘பசுமை வளாகம்’, ‘கழிவற்ற வளாகம்’ என்னும் பலகைகளும் இக்கல்வெட்டைப் போன்றவையே. எவ்வளவு குப்பை தவிர்க்கப்பட்டது என்று பலகை சொல்லும். திறந்துவைத்தவர் பெயரும் இருக்கும். எச்சில் இலையிலிருந்து நெகிழித் தாளைப் பிரித்தெடுத்த கை யாருடையது என்பது இராது. வளாகக் குப்பையைக் குறைப்பது குறித்துத் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் தொட்டியின் நிறம், உரக்குழியின் அளவு, இயந்திரத்தின் விலை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவையும் தேவையே, இக்கட்டுரையிலும் அவை உண்டு. ஆனால் குப்பையை உண்டாக்கியவர் பிரிக்கிறாரா, பிறப்பால் அவ்வேலைக்கு ஒதுக்கப்பட்டவர் பிரிக்கிறாரா என்னும் கேள்விக்கு விடை காணாமல் எந்த வளாகமும் குப்பைக் கிடங்கின் சுமையைக் குறைத்துவிட முடியாது என்பது நம் நிலைப்பாடு. அறத்துக்காக மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. குப்பையின் இயல்பே அப்படிப்பட்டது.

வளாகக் குப்பையின் இயல்பு

ஒரு பல்கலைக்கழகம் ஒரு சிற்றூருக்கு ஒப்பானது. உணவுக்கூடம், விடுதி, அலுவலகம், ஆய்வுக்கூடம், தோட்டம், தேநீர்க் கடை, நகலகம் என ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வகைக் கழிவு சேர்கிறது. இவற்றில் எடையால் மிகுதியானவை உணவுக் கழிவும் உதிர்ந்த இலையுமே. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் உண்ணும் விடுதியில் ஒவ்வொருவரும் ஒரு வேளைக்கு 100 கிராம் உணவை மிச்சம் வைத்தால், மூன்று வேளைக்கு 300 கிலோ. இதில் காய்கறித் தோலும் வடித்த கஞ்சியும் சேரவில்லை.

இந்த ஈரக் கழிவு தனியே இருக்கும்வரை தொல்லை இல்லை. ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் உரமாகிவிடும். காகிதமும் அட்டையும் தனியே இருக்கும்வரை அவையும் விலைபோகும் பொருள்களே. இரண்டும் ஒரே பையில் விழும் கணத்தில்தான் குப்பை பிறக்கிறது. சாம்பார் நனைத்த காகிதத்தைப் பழைய பொருள் கடைக்காரர் எடுப்பதில்லை. நெகிழித் தாள் கலந்த சோறு உரமாவதில்லை. அப்படிக் கலந்த பையைப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் எஞ்சும்: ஒருவர் அதற்குள் கையை விட வேண்டும். உடைந்த கண்ணாடி, சவர அலகு, ஊசி, அணையாடை எல்லாம் அதற்குள் இருக்கும். அந்த ஒருவர் யார் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. மலிவான ஒரு கை எப்போதும் கிடைக்கும் என்ற உறுதி இருப்பதால்தான், தட்டைக் கழுவுமிடத்தில் இரண்டு தொட்டி வைத்தால் தீரும் வேலை ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போகிறது.

ஒருவரும் பிரிக்காவிட்டால் பை அப்படியே கிடங்குக்குப் போகும். அங்கே மேலே விழும் குப்பை கீழே உள்ளதை அழுத்த, காற்றில்லாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வெளியாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. தீப்பற்றக்கூடியதும்கூட. கசியும் கழிவுநீர் நிலத்தடியில் இறங்குகிறது.

கிடங்கு யார் பக்கத்தில்

‘நிலநிரப்பல்’ என்பது ஆவணங்களில் உள்ள சொல். அடியில் தடுப்புத் தாள் விரித்து, கசிவைப் பிடித்து, மேலே மண்மூடிக் காக்கும் அமைப்புக்கே அப்பெயர் பொருந்தும். நம் ஊர்களில் உள்ளவை பெரும்பாலும் வெறும் கொட்டுமிடங்கள்: ஏரிக்கரை, ஆற்றுப்படுகை, சுடுகாட்டுப் புறம்போக்கு, அவற்றுக்கு அருகே சேரி. ஊரின் அழுக்கை ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என்ற விதியும், சில மனிதரை ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என்ற விதியும் ஒரே திசையைக் காட்டுவது தற்செயல் என்று நாம் கருதவில்லை.

சென்னையின் இரு பெருங்கிடங்குகள் இதற்குச் சான்று. தெற்கே பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மீதே எழுந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் அங்கே பற்றிய தீ பல நாள் புகைந்தது. வடக்கே கொடுங்கையூர்க் கிடங்கைச் சுற்றி வாழ்வோர் உழைக்கும் மக்கள். அவர்களில் தலித் மக்கள் திரளாக உள்ளனர். இரண்டிலும் பழைய குப்பையை அகழ்ந்து சலித்துப் பிரிக்கும் பணி நடந்துவருகிறது. ஆனால் அதே கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை அமைக்க மாநகராட்சி முனைந்தபோது, 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்து எதிர்த்தனர். குப்பை புதைக்கப்பட்டாலும் எரிக்கப்பட்டாலும் அதன் முகவரி மாறுவதில்லை என்பதே அவர்களுடைய சினத்தின் காரணம்.

கிண்டிக் காட்டின் ஒரு பகுதியைப் பெற்று 1959இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடி வளாகத்தில், இறந்த புள்ளிமான்களின் வயிற்றில் நெகிழிப் பை திரண்டு கிடந்தது ஒருகாலத்தில் பெருஞ்செய்தியாயிற்று. உணவு நாறும் பைகளை மான் தின்றது. அப்பைகளைப் போட்டவர் கல்வி கற்றோர். வளாகத்தில் நெகிழிக் கட்டுப்பாடு வலுத்ததற்கு அம்மான்களும் ஒரு காரணம். மானுக்காக எழுந்த குரலில் நமக்கு மறுப்பு இல்லை. அதே பையைத் தினமும் அவிழ்ப்பவரின் நுரையீரலுக்காகவும் அப்படியொரு குரல் எழுந்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்கவும் இயலவில்லை.

விதிகள் சொல்வது

2016 ஏப்ரலில் நடுவணரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் இடங்களைப் பெருமளவுக் கழிவு உருவாக்குவோர் என்று வகைப்படுத்தின. அப்பட்டியலில் பல்கலைக்கழகங்களும் பிற கல்வி நிறுவனங்களும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள நிறுவனங்கள் ஓராண்டுக்குள் கழிவைப் பிறக்குமிடத்திலேயே பிரிக்க வேண்டும், மக்கும் கழிவை இயன்றவரை தம் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இருந்தது. மேலே நாம் கணக்கிட்ட விடுதியொன்றே இந்த வரம்பை மூன்று மடங்கு தாண்டுகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. பெருமளவு உருவாக்குவோரின் பொறுப்பையும் கூட்டுகின்றன.

2016ஆம் ஆண்டு விதிகளில் பலரும் படிக்காமல் கடந்துபோன ஒரு கூறு உண்டு. குப்பை பொறுக்குவோரை அவை வரையறுத்து ஏற்றன. அவர்களுடைய அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரித்துக் கழிவுப் பணியில் இணைக்க வேண்டும் என்றன. உலர் கழிவை அவர்களிடம் ஒப்படைக்க வழிசெய்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஒருமுறை பயன்படுத்தும் நெகிழித் தடையைப் பற்றித் தெரிந்த அளவு, இந்தக் கூறு வளாக நிர்வாகங்களுக்குத் தெரியவில்லை.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று அளிக்கும் நாக் அமைப்பு பயன்படுத்திவந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் கழிவு மேலாண்மைக்கு ஒரு கேள்வி உண்டு. திடக்கழிவு, திரவக்கழிவு, மருத்துவக்கழிவு, மின்னணுக்கழிவு என்று வகைகளைக் கேட்கும் அக்கேள்வி, அவற்றைக் கையாள்பவரின் கூலியையும் கையுறையையும் கேட்பதில்லை. ஆய்வுக் குழு வரும் வாரத்தில் உரக்குழிக்கு வெள்ளையடிக்கப்படுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

புனேயில் ஒரு பல்கலைக்கழகம் செய்தது

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 12 மராத்தியர் கோட்டைகளில், மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. மற்றவற்றுள் சிவனேரி, லோகாகட், ராஜ்கட் ஆகியன புனே மாவட்டத்தவை. செஞ்சி வட்டாரத்துக்கு அதே புனேயிலிருந்து கற்க வேண்டிய இன்னொரு வரலாறும் உண்டு. அது கோட்டை வரலாறன்று.

புனேயில் உள்ள எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் வளர்ந்தோர் கல்வித் துறையினர் 1990 வாக்கில் குப்பை பொறுக்கும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு புகட்டச் சென்றனர். பூர்ணிமா சிகர்மனே, லக்ஷ்மி நாராயண் ஆகியோர் இப்பணியில் முன்நின்றவர்கள். பிள்ளைகளின் பின்னால் போனபோது தாய்மாரைக் கண்டனர். பெரும்பாலோர் தலித் பெண்கள். வறட்சியாலும் நிலமின்மையாலும் ஊரைவிட்டு வந்தவர்கள். வீட்டுவேலைக்குச் சாதி பார்த்துச் சேர்க்கப்படாதவர்கள். விடியுமுன் சாக்குடன் கிளம்பி, தெருத்தொட்டிகளில் இறங்கிக் காகிதமும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கி விற்றனர். அவர்களோடு துறையினரும் சேர்ந்து தெருவில் நடந்தபின்தான் ஓர் எளிய உண்மை விளங்கிற்று: தொட்டியில் விழுவதற்கு முன்பே, பிரித்த நிலையில் அப்பொருள் இவர்கள் கைக்கு வந்துவிட்டால் வேலை பாதியாகும், வருவாய் கூடும், காயம் குறையும்.

பல்கலைக்கழகம் முதலில் கொடுத்தது ஓர் அடையாள அட்டை. முப்பது பெண்கள் அளவில் தொடங்கிற்று. ‘திருடி’ என்று விரட்டப்பட்டவர் அட்டையைக் காட்டி வீட்டு வாசலில் நின்று, பிரித்த பழைய பொருளைக் கேட்டு வாங்கலாம் என்றாயிற்று. சிறிது காலத்தில் தனியார் ஒருவர் வண்டியோடு வந்து அதே தெருக்களில் குப்பை எடுக்கத் தொடங்கியபோது, பெண்கள் வண்டியை மறித்து அவரைத் திருப்பி அனுப்பினர். அந்த ஒரு நிகழ்வு அவர்களுக்கு உணர்த்தியது: அட்டை போதாது, சங்கம் வேண்டும்.

1993 மே மாதம் குப்பை பொறுக்குவோர் மாநாடு கூடியது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் வந்தனர். தலைமை ஏற்றவர் பாபா ஆடவ். சுமைதூக்குவோர் சங்கமான ஹமால் பஞ்சாயத்தைக் கட்டியவர். தலித் மக்களுக்கு ஊர்க்கிணற்றைத் திறக்கும்படி 1970களில் ‘ஓர் ஊருக்கு ஒரே நீர்நிலை’ இயக்கத்தை நடத்தியவர். அந்த மாநாட்டில் உருவானதே ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து’. காகிதம், கண்ணாடி, தகரம் சார்ந்த உழைப்பாளர் பஞ்சாயத்து என்பது அதன் பொருள். 1990களின் நடுவில் புனே மாநகராட்சி அவர்களுடைய அடையாள அட்டையில் தன் முத்திரையை இட்டது. பின்னர் மருத்துவக் காப்பீடு வந்தது. 2008இல், இப்பெண்களே உறுப்பினராகவும் உரிமையாளராகவும் உள்ள ‘ஸ்வச்’ கூட்டுறவு, வீடுவீடாகக் கழிவு எடுக்க மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்தது. இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் உள்ளனர். வீட்டார் தரும் சேவைக் கட்டணமும் உலர் கழிவை விற்ற பணமும் அவர்களுக்கே சேரும்.

இதில் நாம் குறிப்பாகக் காண்பது, பல்கலைக்கழகம் எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதை. அது இயந்திரம் வாங்கவில்லை. விழிப்புணர்வுப் பேரணி நடத்தித் திரும்பிவிடவும் இல்லை. கற்பிக்கப் போன இடத்தில் கேட்கத் தொடங்கியது. கேட்டதைக் கொண்டு அட்டை, கணக்கு, சங்கம் என்று படிப்படியாக நகர்ந்தது. சங்கம் எழுந்தபின் அதன் பெயருக்குப் பின்னால் தன்னை நிறுத்திக்கொண்டது. குறைகளும் இல்லாமலில்லை. ஒப்பந்தக் காலம் முடியும்போதெல்லாம் பெரிய ஒப்பந்த நிறுவனங்கள் நுழையுமோ என்ற அச்சத்தோடு அப்பெண்கள் தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது. கூட்டுறவு என்ற பெயரில் மாநகராட்சி தன் நிரந்தரப் பணியாளர் கடமையைக் கைகழுவிவிட்டது என்ற வாதமும் தொழிற்சங்கங்களிடையே உண்டு. அதில் உண்மை இருக்கிறது என்றே நாமும் எண்ணுகிறோம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு இரு மண்டலங்களின் தனியார்மயத்தை எதிர்த்துப் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்து நள்ளிரவில் கைது செய்யப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் கேட்டது பணி நிரந்தரத்தைத்தான். இரண்டு கோரிக்கைகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நிரந்தரப் பணி உள்ள இடத்தில் அதைக் காக்க வேண்டும். எந்த ஏடும் பதியாத பொறுக்குவோர் உள்ள இடத்தில் அவரைச் சேர்க்க வேண்டும்.

விடுதியும் அணையாடையும்

மகளிர் விடுதிக் கழிவைப் பற்றிப் பேச நிர்வாகங்கள் கூசுகின்றன. கூச்சத்தின் விலையைக் கொடுப்பவர் கழிவைப் பிரிக்கும் பெண்ணே. சுற்றாமல் எறிந்த அணையாடை அவர் கைக்கு நேரே வருகிறது. புனேயின் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். 2013இல், பயன்படுத்திய அணையாடைகள் நிரம்பிய பைகளை அவற்றை உற்பத்தி செய்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினர். அணையாடையோடு சுற்றித்தரும் உறையையும் விற்பவரே தர வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. 2016 விதிகளில் உற்பத்தியாளர் பொறுப்பாக அது இடம்பெற்றது. பின்னர் அணையாடையைக் காகிதத்தில் பொதிந்து அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இடும் இயக்கத்தைத் தொடங்கினர். பொட்டலத்தைத் திறக்காமலே உள்ளே இருப்பது என்ன என்று அறிய அது போதும்.

பழைய செய்தித்தாளும் ஒரு சிவப்புப் பேனாவும் விடுதிக் கழிவறையில் தொங்கினால் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதை விட்டுவிட்டு விடுதிதோறும் சிறு மின் எரிப்பான்களை மாட்டும் வழக்கம் பெருகியிருக்கிறது. நெகிழியும் வெளுப்பு வேதிப்பொருளும் கலந்த அணையாடை 800 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்தில் எரிந்தால் நச்சுப்புகை வரும். சுவரில் மாட்டும் பெட்டிகள் பலவும் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. அவற்றின் சாம்பலை அள்ளுபவரும் அதே பெண்தான்.

விழுப்புரம் வட்டாரத்தில் செய்யக்கூடியவை

மண்டகப்பட்டு, செஞ்சி வட்டாரத்து மாணவர்கள் பேருந்தேறிச் செல்லும் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் அரசுக் கலைக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி எனப் பல வளாகங்கள் உள்ளன. தனியார் கல்லூரிகள் பல, ஊராட்சி எல்லைக்குள் அமைந்தவை. மாநகராட்சி வண்டி அங்கே வராது. ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் குறைந்த மதிப்பூதியத்தில் தெருக்குப்பை எடுப்பவர்கள். ஆயிரக்கணக்கானோர் உண்ணும் வளாகத்தின் சுமையை அவர்கள் தலையில் ஏற்றுவது முறையாகாது. ஆகவே ஈரக் கழிவு வேலியைத் தாண்டாமல் பார்ப்பதே முதற்பணி.

இதற்குப் பெரிய அறிவியல் வேண்டாம். உணவுக் கழிவு ஈரமும் தழைச்சத்தும் மிக்கது. தனியே குவித்தால் நாறும். உதிர்ந்த வேம்பு, புங்கம் இலைகள் உலர்ந்தவை, கரிச்சத்து மிக்கவை. ஒரு கூடை உணவுக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை சருகு என்று மாற்றி மாற்றி அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டினால், குவியலின் உள்ளே வெப்பம் 55 டிகிரிக்கு மேல் ஏறும், நோய்க்கிருமி சாகும், நாற்றம் வராது. அதாவது காலையில் வளாக மூலையில் கொளுத்தப்படும் சருகுதான் பிற்பகலில் உணவுக்கூடத்தின் நாற்றத்துக்கு மருந்து. இரண்டையும் இணைக்காமல் ஒன்றைப் புகையாகவும் மற்றொன்றைக் கிடங்குக்கும் அனுப்புகிறோம். புரட்டும் வேலைக்கு நீண்ட பிடி கொண்ட கவையும் காலணியும் வேண்டும். பிரித்த கழிவைப் புரட்டுவது தோட்டவேலை. கலந்த கழிவைப் புரட்டுவது இழிவு சுமத்தப்பட்ட வேலை. இரண்டுக்கும் இடையே இருப்பது தட்டைக் கழுவுமிடத்தில் மாணவர் செலவிடும் சில நொடிகள்.

உலர் கழிவின் கணக்கு வேறு. நகலகத்தின் காகிதம், தேர்வுத் தாள், அட்டைப்பெட்டி, புட்டி ஆகியவற்றுக்கு விலை உண்டு. அந்த விலை இப்போது யார் பைக்குப் போகிறது? பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் பைக்கோ, ஏலம் எடுத்தவரின் பைக்கோ. பிரிக்கும் பணியாளருக்கு அது ஓர் உரிமையாக எழுதித் தரப்படுவதில்லை. மேற்பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டால் கிடைக்கும் சலுகையாக இருக்கிறது. உலர் கழிவு விற்ற தொகை பணியாளரைச் சேரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் பிரித்தலின் தரம் உடனே உயரும். புனே காட்டுவதும் அதைத்தான்.

பழைய கணினி, குழல்விளக்கு ஆகியவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே தர வேண்டும். 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் நிறுவனங்களை அப்படிக் கட்டுப்படுத்துகின்றன. மருத்துவக் கல்லூரிக் கழிவுக்குத் தனி விதிகளும் தனி நிறப் பைகளும் உள்ளன. அதை விரித்தால் வேறு கட்டுரையாகும்.

ஒப்பந்தமும் துடைப்பமும்

தமிழக அரசு 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிற்று. பெயர் மாறியதை வரவேற்கலாம். வளாகங்களில் அதே காலத்தில் நடந்த வேறொரு மாற்றம் பலகையில் ஏறவில்லை: ஓய்வுபெற்ற நிரந்தரப் பணியாளரின் இடங்கள் நிரப்பப்படாமல் ஒப்பந்த நிறுவனங்களிடம் போயின. துணைவேந்தர் அலுவலகத்தைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் காட்டுவர். சட்டம் அப்படிக் கைகாட்ட இடம் தரவில்லை. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்து, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வரை தொடரும் நெறி. கழிவுநீர்த் தொட்டியிலும் இதுவே. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை உள்ளே இறக்குவதைத் தடை செய்கிறது. இறப்பு நேர்ந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. விடுதித் தொட்டி நிரம்பியதும் தொலைபேசியில் யாரையோ அழைக்கும் காப்பாளர்கள் இத்தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும்.

இனி மாணவர் பங்கு. பிரித்தலில் மாணவரை ஈடுபடுத்துங்கள் என்று சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 2022இல் ஈரோடு மாவட்ட அரசுப் பள்ளியொன்றில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். ‘தொண்டு’, ‘முகாம்’, ‘தூய்மை இயக்கம்’ என்று எந்தப் பெயரில் வந்தாலும், துடைப்பம் யார் கையில் போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு மாணவர் ஒருநாள் துடைப்பம் ஏந்திப் படம் எடுத்துக்கொள்வது விழா. உதவித்தொகையில் படிக்கும் மாணவரிடம் அதே துடைப்பம் ஆண்டு முழுதும் ஒப்படைக்கப்படுவது குற்றம். பிரிக்கும் முறைவரிசை விடுதி அறை எண்படியோ குலுக்கல்படியோ எழுதப்பட்டு, ஆசிரியர் குடியிருப்பும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். தன் தட்டின் மிச்சத்தைத் தானே உரிய தொட்டியில் இடுவதில் பேராசிரியருக்கும் விலக்கு இல்லை.

கேட்டுப் பெற வேண்டிய ஆவணங்கள்

வளாகத்தில் உள்ள மாணவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் பலகையைப் பார்த்து நிற்காமல் தாளைக் கேட்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. நாள்தோறும் எடைபோட்ட ஈர, உலர் கழிவுப் பதிவேடு. வளாகத்தைவிட்டுச் செல்லும் வண்டிகளின் பதிவும் அவை கொட்டும் இடமும். தூய்மைப் பணி ஒப்பந்தத்தின் படி. பணியாளருக்குத் தரப்படும் கூலி, வருங்கால வைப்புநிதி, காப்பீட்டு எண்கள் செலுத்தப்பட்டதற்கான சான்று. கையுறை, காலணி வாங்கிய பட்டியலும் அவை வழங்கப்பட்ட நாளும். உலர் கழிவு விற்ற தொகை வரவு வைக்கப்பட்ட தலைப்பு. கழிவுநீர்த் தொட்டி கடைசியாக எந்த இயந்திரத்தால், எந்த உரிமம் பெற்ற நிறுவனத்தால் தூர்க்கப்பட்டது என்ற விவரம். பணியாளர்கள் தமிழ்நாடு தூய்மைப் பணியாளர் நல வாரியத்தில் பதியப்பட்டுள்ளனரா என்பதையும், குப்பை பொறுக்குவோரையும் உள்ளடக்கிய நடுவணரசின் நமஸ்தே திட்டத்தில் அவ்வட்டாரத்தவர் எண்ணப்பட்டுள்ளனரா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். இரண்டாவதற்கு உள்ளாட்சி அமைப்பை அணுக வேண்டும்.

விண்ணப்பம் ஒரு பக்கத்தில் அடங்கும். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் விடை தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.